அக்ல் போனால் ஈடு என்ன? வைத்தியத் தவறும் நட்டஈடும்: ஒரு வரலாற்று நோக்கு

எனது ராத்தாவின் அலுமாரியில் ஒரு பொலித்தீன் பை இருக்கிறது. மகனுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரம், தடுப்பூசி அட்டை, முதலாம் ஆண்டில் சித்திரத்துக்கு வாங்கிய ஒரு சான்றிதழ், ஒரு டயக்னோசிஸ் கார்ட். இவ்வளவுதான் அதற்குள்.

2003ஆம் ஆண்டு, ஏழு வயதில், டொன்சில் ஒப்பரேசனுக்கு அவனைக் கொண்டுபோனோம். காலையில் எங்களுக்குக் கை காட்டிவிட்டுத்தான் தியேட்டருக்குள் போனான். பகல் கேட்டபோது, "மயக்கம் தெளிய கொஞ்சம் பிந்தும்" என்றார்கள். இரவும் அதையே சொன்னார்கள். மூன்றாம் நாள் ஒரு டொக்டர் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டு, மூளைக்கு ஒட்சிசன் போவது கொஞ்ச நேரம் தடைப்பட்டுவிட்டது என்று சொன்னார். எப்படித் தடைப்பட்டது, எவ்வளவு நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எதுவும் சொல்லவில்லை. மச்சானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும்போது தந்த கார்டில் ஆங்கிலத்தில் நான்கு வரி இருந்தது.

இன்று அவனுக்கு 29 வயது. ராத்தாதான் ஊட்டுகிறார், கழுவுகிறார், இரவில் எழும்பிப் புரட்டிப் படுக்க வைக்கிறார். ராத்தாவுக்கு 60 தாண்டிவிட்டது.

"அல்லாஹ்ட கத்ர், ஸபூர் செய்ங்க" என்று ஊர் சொன்னது. ஒரேயொரு நாள்தான் நான் கேஸ் போடுவது பற்றிக் கதைத்தேன். மச்சான் திருப்பிக் கேட்டார்: "கேஸ் போட்டா புள்ள எழும்பி நடப்பானா? ஒரு டொக்டர்ட வாழ்க்கையையும் கெடுத்துட்டு மஹ்ஷர்ல என்னண்டு பதில் சொல்ற?" பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவன் நான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, சிறு வயதில் மத்ரஸாவில் அரைகுறையாக ஓதிய கிதாபுகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். தொழுகை, நோன்பு, நிக்காஹ் பாடங்களைத் தாண்டி யாரும் அதிகம் புரட்டாத ஜினாயத் பாடம் ஒன்று அவற்றில் உண்டு. மச்சானின் கேள்விக்கான பதிலை அங்கேதான் கண்டேன். அந்தத் தேடலின் குறிப்பே இக்கட்டுரை.

தலைக்காயத்தின் கணக்கு

"அக்ல்" என்றால் பகுத்தறிவு என்று நம் எல்லோருக்கும் தெரியும். அறபியில் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. தியத்தையும், அதாவது உயிருக்கோ உறுப்புக்கோ கொடுக்கப்படும் ஈட்டையும், அக்ல் என்று சொல்வார்கள். இரண்டுக்கும் வேர்ப்பொருள் கட்டுதல். அறிவு மனிதனைத் தகாத காரியத்திலிருந்து கட்டி நிறுத்துகிறது. ஈடாக வரும் ஒட்டகங்களைப் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் முற்றத்தில் கொண்டுவந்து கட்டுவார்கள். அந்த ஈட்டைப் பங்கு போட்டுச் செலுத்தும் உறவுக் கூட்டத்துக்கு "ஆகிலா" என்று பெயர். அறிவுக்கும் ஈட்டுக்கும் ஒரே சொல் இருப்பதை நான் பல வருடம் கவனிக்கவேயில்லை.

நபி (ஸல்) அவர்கள் யெமன் மக்களுக்காக அம்ர் இப்னு ஹஸ்ம் (ரழி) அவர்களிடம் கொடுத்தனுப்பிய மடல் ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. முழுத் தியத் 100 ஒட்டகம். எலும்பு தெரியும்படியான தலைக்காயம் "மூழிஹா", அதற்கு 5 ஒட்டகம். எலும்பு இடம்பெயர்ந்தால் "முனக்கிலா", 15 ஒட்டகம். மூளையின் மேற்சவ்வைத் தொட்ட காயம் "மஃமூமா", அதற்குத் தியத்தின் மூன்றிலொன்று. பின்வந்த இமாம்கள் இந்தப் பட்டியலை விரித்துத் தலைக்காயங்களைப் பத்து வகையாகப் பிரித்தார்கள். தோலில் கீறல் விழுவதில் தொடங்கி, சவ்வு கிழிந்து மூளையையே எட்டும் "தாமிகா"வில் அது முடிகிறது. மூளையைக் குறிக்கும் "திமாக்" என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

இவை வெளியே தெரியும் காயங்கள். உள்ளே அறிவு போய்விட்டால்? அதற்கு முழுத் தியத். ஷாபிஈ மத்ஹபில், காயத்தால் அறிவு போயிருந்தால் காயத்துக்குரிய ஈடு வேறு, அறிவுக்குரிய ஈடு வேறு. ஒன்று மற்றதுக்குள் அடங்கிப் போகாது.

உமர் (ரழி) அவர்களின் தீர்ப்பு ஒன்று பிக்ஹ் நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுகிறது. ஒருவர் இன்னொருவரின் தலையில் கல்லால் எறிந்தார். அடிபட்டவருக்குச் செவிப்புலன் போயிற்று, பேச்சுப் போயிற்று, அறிவு போயிற்று, தாம்பத்திய வலிமையும் போயிற்று. ஆனால் மௌத்தாகவில்லை. உமர் (ரழி) அவர்கள் அவருக்கு நான்கு தியத்துக்கள் கொடுக்கும்படி தீர்ப்பளித்தார்கள். அவர் உயிரோடிருக்கும்போதே அந்தத் தீர்ப்பு வழங்கப்பட்டது என்பதையும் அறிவிப்பாளர் சேர்த்துச் சொல்கிறார்.

அந்த மனிதர் அன்றே இறந்திருந்தால் ஒரு தியத்துதான். உயிரோடிருந்தபடியால் நான்கு. இந்தக் கணக்கை முதலில் வாசித்தபோது எனக்கு ராத்தாவின் நினைவு வந்தது. இறந்தவரை ஒரு நாளில் அடக்கிவிடலாம். உயிரோடிருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் சோறு வேண்டும், மருந்து வேண்டும், தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். நான்கு என்ற எண் அந்த மனிதருக்கு மிஞ்சியிருந்த நாட்களுக்குப் பயன்பட்டது. நம் காலத்து நீதிமன்றங்களிலும் இதுவே வழக்கம். மூளை பாதிக்கப்பட்டு உயிரோடிருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் நட்டஈடு, இறந்துபோன பிள்ளைக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு பெரியது.

அறிவு போனது உண்மைதானா என்று எப்படி நிரூபிப்பது? நவவி இமாம் "மின்ஹாஜ்" நூலில் இதற்கும் வழி சொல்கிறார்கள். யாரும் பார்க்கவில்லை என்று அவர் எண்ணும் நேரத்தில் அவருடைய பேச்சையும் செயலையும் கவனிக்க வேண்டும். அப்போதும் ஒழுங்கில்லாமல் இருந்தால் சத்தியம் வாங்காமலே தியத் கொடுக்கப்படும். அறிவு திரும்பி வர வாய்ப்பிருக்கிறது என்று அத்துறை வல்லுநர்கள் சொன்னால், அவர்கள் குறிக்கும் காலம்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று விரிவுரையாளர்கள் எழுதினார்கள். இன்று நரம்பியல் வைத்தியரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

வைத்தியர் எப்போது பொறுப்பாளி?

கல்லெறிந்தவனின் கதை வேறு, சுகப்படுத்த வந்தவரின் கதை வேறு என்று மச்சான் சொல்லக்கூடும். சொல்ல வேண்டியதுதான். அந்த வேறுபாட்டை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள்.

வைத்திய அறிவு உள்ளவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து கேடு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்துடைய ஹதீஸ் அபூதாவூத், நஸாஈ, இப்னு மாஜா ஆகிய மூன்று கிரந்தங்களிலும் உள்ளது. ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) மறைந்த இப்னுல் கையிம் "ஸாதுல் மஆத்" நூலில் இந்த ஹதீஸை விளக்கும்போது வைத்தியர்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்.

முதலாமவர் திறமையானவர். அனுமதி பெற்று, செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்தார். கையும் தவறவில்லை. ஆனாலும் நோயாளிக்குக் கேடு வந்தது. அவர் மீது எந்தப் பொறுப்பும் இல்லை என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது. இரண்டாமவர் தொழில் தெரியாதவர். தெரிந்தவர்போல் காட்டி ஏமாற்றியிருந்தால் அவர் பொறுப்பாளி. மூன்றாமவர் திறமையானவர், அனுமதியும் பெற்றவர், ஆனால் கை தவறிவிட்டது. அவர் பொறுப்பாளிதான். ஈடு தியத்தின் மூன்றிலொன்றை எட்டினால் அதைச் செலுத்துவது அவருடைய ஆகிலா. நான்காமவர் திறமையோடு சிந்தித்து மருந்து கொடுத்தார், ஆனால் கணிப்புப் பிழைத்தது. அந்த ஈடு பைத்துல்மாலிலிருந்து வர வேண்டும் என்பது ஒரு கருத்து, ஆகிலாவிடமிருந்து என்பது மற்றது. ஐந்தாமவர் திறமையானவர், ஆனால் அனுமதியில்லாமல் அறுத்தார். அவரைப் பற்றிய கருத்துக்களையும் இப்னுல் கையிம் ஆராய்கிறார்.

மூன்றாமவரையும் நான்காமவரையும் நான் பலமுறை திரும்ப வாசித்தேன். இருவரும் நல்ல வைத்தியர்கள். இருவரையும் யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் நோயாளி வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை. பாரம் பலர் தோளில் பகிரப்பட்டது. தவறுதலாக நேர்ந்தவற்றுக்கான முழுத் தியத்தை ஆகிலா மூன்று வருடத் தவணைகளில் செலுத்துவது வழக்கமாக இருந்தது. வைத்தியரின் வீடும் ஏலத்துக்குப் போகவில்லை, பாதிக்கப்பட்டவரின் வீடும் இருண்டு போகவில்லை. "ஒரு டொக்டர்ட வாழ்க்கையைக் கெடுக்கிறதா" என்ற மச்சானின் கேள்விக்கு 14ஆம் நூற்றாண்டிலேயே பதில் எழுதப்பட்டிருந்தது.

எங்கள் குடும்பத்திலும் ஓர் ஆகிலா இருந்தது. நான் என் பங்குக் காணியை விற்றேன். தம்பி கட்டாரிலிருந்து மாதாமாதம் அனுப்பினான். பள்ளிவாசல் ஸகாத் நிதியிலிருந்து ஒரு சக்கர நாற்காலி கிடைத்தது. ஆனால் எல்லாம் தலைகீழாக இருந்தது. பிக்ஹில் ஆகிலா என்பது தவறு செய்தவரின் பக்கத்துக் கூட்டம். எங்களுடையது பாதிக்கப்பட்டவனின் பக்கத்துக் கூட்டம். மற்றப் பக்கத்திலிருந்து ஒரு சதமும் வரவில்லை, ஒரு சொல்லும் வரவில்லை.

குடும்பத்தின் கையில் ஒரு பிரதி

ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் ஒருவர் இறந்தார். செய்தி கலீபா முக்ததிரை எட்டியது. தலைமை வைத்தியர் ஸினான் இப்னு தாபித் பரீட்சித்து அனுமதி கொடுத்தவர்கள் மட்டுமே வைத்தியம் பார்க்கலாம் என்று கலீபா கட்டளையிட்டார். பக்தாதில் மட்டும் 860க்கும் மேற்பட்டோர் பரீட்சைக்கு வந்தார்கள் என்று வைத்திய வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ எழுதுகிறார். பெயர்பெற்ற வைத்தியர்களும் அரண்மனை வைத்தியர்களும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

அந்தப் பரீட்சைக்கு வந்த ஒரு முதியவரின் கதை உண்டு. நன்றாக உடுத்திக்கொண்டு வந்த அவர், தனக்கு ஒழுங்காக எழுத வாசிக்கத் தெரியாது, குடும்பம் இந்தத் தொழிலால்தான் பிழைக்கிறது என்று ஒப்புக்கொண்டார். தெரியாத நோயைத் தொடக்கூடாது, இரத்தம் குத்தி எடுக்கவோ கடும் பேதி மருந்து கொடுக்கவோ துணியக்கூடாது என்ற நிபந்தனையோடு ஸினான் அவரை விட்டுவிட்டார். அது முன்பிருந்தே தன்னுடைய வழக்கம்தான், சாதாரண பானங்களைத் தாண்டி எதுவும் கொடுத்ததில்லை என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞன் பரீட்சைக்கு வந்தான். விசாரித்தால் அந்த முதியவரின் மகன்! அவனுக்கும் அதே நிபந்தனை. சிரிப்பு வரும் கதைதான். ஆனால் தன் எல்லையை அறிந்த வைத்தியரால் ஆபத்துக் குறைவு என்ற பாடம் அதில் இருக்கிறது.

ஹிஸ்பா நூல்கள் இன்னொரு ஏற்பாட்டைச் சொல்கின்றன. சந்தையையும் தொழில்களையும் மேற்பார்வை செய்யும் முஹ்தஸிபுக்காக எழுதப்பட்ட கைநூல்கள் அவை. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷைஸரீயின் நூல் அவற்றுள் பேர்போனது. பண்டைய கிரேக்கரிடம் இருந்த வழக்கமாக அவர் இதைக் குறிப்பிட்டு வைத்தியர்களுக்கு முன்மாதிரியாக வைக்கிறார். வைத்தியர் நோயாளியைப் பார்த்ததும் நோய் என்ன, கொடுத்த மருந்து என்ன என்பதை எழுத வேண்டும். அதில் ஒரு பிரதியைச் சாட்சிகள் முன்னிலையில் நோயாளியின் குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த நாட்களிலும் இப்படியே. நோயாளி இறந்துவிட்டால் குடும்பத்தார் அந்தப் பிரதிகளைத் தலைமை வைத்தியரிடம் காட்டுவார்கள். எல்லாம் முறைப்படி நடந்திருந்தால் ஆயுள் முடிந்தது என்று அவர் சொல்லிவிடுவார். தவறு இருந்தால் அந்த வைத்தியரிடம் தியத்தைப் பெற்றுக்கொள்ளும்படி சொல்வார்.

ஆயுள் முடிந்தது என்பதும் கத்ர்தான். ஆனால் அந்த வார்த்தையைக் காகிதங்களைப் பார்த்த பிறகுதான் சொன்னார்கள். எங்கள் ஊரில் பார்க்காமலே சொல்லிவிட்டோம்.

ராத்தாவின் பொலித்தீன் பையில் இல்லாதது அந்தப் பிரதிதான். இன்று அதற்கு பெட்ஹெட் டிக்கெட் என்று பெயர். எத்தனை மணிக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு நாடித்துடிப்பு இறங்கியது, யாரைக் கூப்பிட்டார்கள், அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்பதெல்லாம் அதிலும் மயக்க மருந்துக் குறிப்பிலும்தான் இருக்கும். மூளை சில நிமிடங்களுக்கு மேல் ஒட்சிசன் இல்லாமல் தாங்காது. எனவே இத்தகைய வழக்குகளில் பேச்செல்லாம் நிமிடங்களைப் பற்றியதுதான். நிமிடங்கள் எழுதப்பட்ட காகிதம் இல்லாவிட்டால் வழக்கும் இல்லை.

நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த சட்டம்

1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் பிரித்தானியர் இங்கு ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ரோமன் டச்சுச் சட்டத்தைத் தொடர்ந்து வைத்துக்கொண்டார்கள். 1806இன் முஹம்மதியச் சட்டக்கோவை முஸ்லிம்களின் திருமணத்தையும் வாரிசுரிமையையும் எழுத்தில் கொண்டுவந்தது. ஜினாயத் பாடத்துக்கு அதில் இடமில்லை. ஆகவே நாம் தலாக்குக்கு ஒரு சட்டத்திலும் தலைக்காயத்துக்கு இன்னொரு சட்டத்திலும் நிற்கிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் சட்டத்தில் நட்டஈடு கேட்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும். வைத்தியர் கவனயீனமாக இருந்தார், அந்தக் கவனயீனத்தால்தான் கேடு வந்தது, அந்தக் கேட்டால் நட்டம் ஏற்பட்டது. மூன்றில் ஒன்று வழுக்கினாலும் கேஸ் விழுந்துவிடும். பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கு இதற்கு நம் நாட்டின் பெரிய உதாரணம். 1992இல் ஒரு சிறுமி மூளைத்தண்டில் வளர்ந்த கட்டியால் இறந்தாள். முதலில் அது வேறொரு நோய் என்று கணிக்கப்பட்டிருந்தது. சட்டத்துறையைச் சேர்ந்த தந்தை வழக்குத் தொடர்ந்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மிகச் சிறிய தொகையாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. கவனயீனத்தால்தான் பிள்ளை இறந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். பெற்றோரின் துக்கத்துக்கு இந்தச் சட்டத்தில் விலையில்லை, பணமாக எண்ணக்கூடிய நட்டத்துக்கே இடமுண்டு என்பதும் அந்த வழக்கால் தெளிவானது. சட்டம் தெரிந்த ஒரு தந்தைக்கே முடிவு இப்படியென்றால், பெட்ஹெட் டிக்கெட்டைக் கண்ணாலும் காணாத மச்சானால் என்ன செய்திருக்க முடியும்?

இங்கிலாந்திலும் பாதை இலகுவாக இருக்கவில்லை. பொறுப்புள்ள வைத்தியர் குழாம் ஒன்று ஏற்கும் முறைப்படி நடந்த வைத்தியர் கவனயீனமானவர் அல்ல என்ற விதி 1957இன் பொலாம் வழக்கில் வந்தது. 1970இல் பிறந்த ஒரு குழந்தைக்குக் குறடு போட்டு இழுத்ததில் மூளை பாதிக்கப்பட்டதென்று கூறி நடந்த வழக்கில், முதல் நீதிமன்றம் 1 இலட்சம் பவுண் கொடுத்தது. மேல் நீதிமன்றங்கள் அதைத் தள்ளின. 1984இல் மூச்சுத் திணறிய இரண்டு வயதுப் பிள்ளையைப் பார்க்கக் கூப்பிட்டும் டொக்டர் வரவில்லை. பிள்ளையின் மூளை பாதிக்கப்பட்டது. வராதது தவறு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. வந்திருந்தாலும் முடிவு மாறியிராது என்ற வாதத்தால் 1997இல் குடும்பம் தோற்றது. ஆனால் அந்த பொலித்தோ தீர்ப்புத்தான், நிபுணர் சொல்வது தர்க்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்று பொலாம் விதிக்கு ஒரு கடிவாளம் போட்டது. 2015இல் மொன்ட்கொமெரி வழக்கில், பிரசவத்தின் ஆபத்தைத் தாய்க்குச் சொல்லாமல் விட்டதே தவறு என்று தீர்ப்பு வந்தது. மூளை பாதிக்கப்பட்ட மகனுக்கு 52.5 இலட்சம் பவுண் கிடைத்தது. 1970இல் பிறந்த பிள்ளைக்கும் 1999இல் பிறந்த இந்தப் பிள்ளைக்கும் இடையில் சட்டம் ஒரு நீண்ட தூரம் நடந்திருக்கிறது.

இந்தியாவில் 1993இல் டைபொயிட் காய்ச்சலோடு வந்த ஒரு சிறுவனுக்கு, எழுதிக் கொடுத்த மருந்துக்குப் பதிலாகப் பெயரில் ஒத்த இன்னொரு மருந்தைத் தாதி ஊசியில் ஏற்றிவிட்டார். இருதயம் நின்றது, மூளை பாதிக்கப்பட்டது. 1998இல் இந்திய உச்ச நீதிமன்றம் சிறுவனுக்கு 12.5 இலட்சம் ரூபாவையும், பெற்றோருக்கு அவர்களுடைய சொந்த வேதனைக்காகத் தனியாக 5 இலட்சத்தையும் உறுதிசெய்தது. பிள்ளையின் இழப்பு வேறு, உம்மா வாப்பாவின் இழப்பு வேறு என்று அந்த நீதிமன்றம் கண்டது.

குற்றம் வேறு, ஈடு வேறு

எல்லா மூளைப் பாதிப்புக்கும் வைத்தியரே காரணம் என்று நான் சொல்லவில்லை. பிறவியிலேயே மூளை வாதத்தோடு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் காரணம் பிரசவ அறையில் நடந்த தவறல்ல. குறைமாதப் பிறப்பு, கர்ப்பத்தில் வந்த தொற்று என்று பல காரணங்கள் உண்டு. எங்கள் பிள்ளைக்கு நடந்ததும் இப்னுல் கையிம் சொல்லும் முதலாம் வகையாக இருக்கலாம். யாரும் தவறு செய்யாமலே நடந்திருக்கலாம். அப்படியென்றால் அதையாவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சில நாடுகள் குற்றத்தையும் ஈட்டையும் பிரித்துவிட்டன. நியூசிலாந்தில் 1974 முதல் விபத்துக்களுக்கு ஒரு பொது நிதி ஈடு கொடுக்கிறது. அதில் சிகிச்சையால் வந்த கேடும் அடங்கும். 2005இல் அங்கு வைத்தியரின் தவறைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஜப்பானில் 2009 ஜனவரியில் பிரசவத்தோடு தொடர்பான கடும் மூளை வாதத்துக்கு ஒரு திட்டம் தொடங்கியது. வைத்தியரின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. மொத்தம் 3 கோடி யென். தொடக்கத்தில் ஒரு பகுதி, மிச்சம் 20 வருடத்துக்கு வருடாவருடம். அதோடு ஒவ்வொரு பிரசவத்திலும் என்ன நடந்தது என்று ஒரு குழு ஆராய்ந்து அறிக்கையைக் குடும்பத்துக்கும் வைத்தியசாலைக்கும் கொடுக்கிறது.

இவற்றை வாசிக்கும் ஒரு முஸ்லிமுக்கு ஆகிலாவும், தவணைத் தியத்தும், குடும்பத்தின் கையில் கொடுத்த பிரதியும் நினைவுக்கு வராமல் போகாது. அவர்கள் நம் கிதாபைப் பார்த்துச் செய்தார்கள் என்று பெருமையடிக்க நான் வரவில்லை. ஒரே துன்பத்தை உற்றுப் பார்த்தவர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அந்தப் பாடம் நம் அலுமாரியில் இருந்தும் நாம் அதைத் திறக்கவில்லை என்பதுதான் என் கவலை.

கத்ரும் கேள்வியும்

அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் தவறுதலாக நேர்ந்த கொலையைப் பற்றிப் பேசுகிறது. தியத்தை அந்தக் குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அவர்கள் தர்மமாக விட்டுக்கொடுத்தால் தவிர என்றும் சொல்கிறது. தவறுதலாக நடந்ததும் அல்லாஹ்வின் கத்ருக்குள்தான் நடந்தது. ஆனாலும் ஈடு கடமையாகிறது. மன்னிப்பது சிறந்ததுதான். ஆனால் மன்னிப்பவருக்கு முதலில் ஓர் உரிமை இருக்க வேண்டும், எதை மன்னிக்கிறோம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். மச்சான் யாரையும் மன்னிக்கவில்லை. என்ன நடந்தது என்றே தெரியாதவர் எதை மன்னிப்பார்? அவர் மௌனமாக இருந்தார், நாங்கள் அதற்கு ஸபூர் என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரை வைத்தவர்களில் நானும் ஒருவன்.

இன்று இதே நிலையில் நிற்கும் குடும்பத்துக்குச் சொல்ல என்னிடம் சில விசயம் உண்டு. டயக்னோசிஸ் கார்டை வாங்காமல் வைத்தியசாலையை விட்டு வெளியேற வேண்டாம். என்ன நடந்தது என்று மரியாதையாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள். அரச வைத்தியசாலையாக இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நோயாளியின் சொந்தப் பதிவேடுகளைக் கோரலாம். மருத்துவ சபையிடம் முறையிட்டால் ஒழுக்காற்று விசாரணை நடக்கலாம், ஆனால் அங்கே நட்டஈடு கிடைக்காது. அதற்கு நீதிமன்றம்தான். கவனயீனத்துக்கான வழக்குக்குப் பொதுவாக 2 வருடக் கால எல்லை உண்டு. பாதிக்கப்பட்டவர் சிறுவராக இருந்தால் அக்கணக்கு எப்படி என்பதையும் நேரத்தோடு ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். துக்க வீட்டில் 2 வருடம் எப்படிப் போகிறது என்று தெரியாது. எங்களுக்கு அது பிள்ளை கண்ணைத் திறப்பானா என்று பார்த்துக்கொண்டிருந்ததிலேயே போய்விட்டது.

ஜமாஅத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. சக்கர நாற்காலி வாங்கிக் கொடுக்கும் பள்ளிவாசல், அந்தக் குடும்பத்தோடு போய்க் காகிதம் கேட்க ஓர் ஆளையும் அனுப்பலாம். ஜும்ஆ மிம்பரில் ஸபூரைப் பற்றிப் பேசும் ஆலிம், உமர் (ரழி) அவர்களின் நான்கு தியத்தையும் ஒரு தடவை சொல்லலாம்.

இக்கட்டுரையை அனுப்புவதற்கு முன் ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். மகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டார். நான்கு தியத் வந்த இடத்தில் கரண்டி நின்றது.

"மௌத்தானவருக்கு ஒண்டு, உசிரோட இருந்தவருக்கு நாலா?"

"ஓம் ராத்தா."

"அப்ப அவங்களுக்கு வெளங்கிருக்கு" என்றார். பிறகு மகனின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்குக் காசு தேவையில்ல தம்பி. நான் மௌத்தானா இவன ஆரு பாக்கிற எண்டுதான் ஒவ்வொரு ராவும் யோசிக்கிற."

நட்டஈடு எதற்கு என்று மச்சான் கேட்ட கேள்விக்கு, 22 வருடம் கழித்து, ராத்தாவே பதில் சொல்லிவிட்டார்.